பழைய பெட்டியும் மாமியார் உயிரும்

தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் சுப்பராயலு, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, கறகறவென்று கத்தும் பிரிண்டர். பிறந்த நேரத்தை அடித்தால் கட்டம் வந்து விழும். அந்தப் பெட்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது; நன்றி கெட்டுப் பேசமாட்டேன்.

இரண்டாயிரத்து எட்டில் அது வாரம் ஒருமுறை படுத்துக்கொண்டது. மகன் பூவரசன் புதிது வாங்கலாம் என்றான். "தட்டிக் கொட்டினா இன்னும் ஓடும்டா" என்று இவர் பிடிவாதம் பிடித்தார்.

"எனக்குக்கூட இத்தினி வைத்தியம் பாத்ததில்ல நீங்க" என்றேன்.

கடையில் டைப் அடித்த கலைப்பிரியாதான், "அய்யா, இதோட மல்லுக்கட்டிக்கினு நேரம்தான் போவுதுங்க" என்று சொல்லிச் சொல்லி அவரை மசிய வைத்தாள்.

பூவரசனுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. எனக்கும் பிடித்த பெண்தான். ஆனால் பழைய பெட்டி அவளுக்கு ஆயில்யம் என்றது. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்பார்கள். பயந்துவிட்டேன். "நான் செத்தப்புறம் கட்டிக்கோடா!" என்று கத்தினேன்.

புதிய கம்ப்யூட்டர் வந்ததும் பூவரசன் முதலில் அடித்தது அவள் பிறந்த நேரத்தைத்தான். மகம் என்று வந்தது! பழையது வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு, புதியது திருக்கணிதம். நட்சத்திரம் மாறும் வேளையில் பிறந்தவர்களுக்கு இப்படி ஆகுமாம். மகம் ஜெகமாளும் என்று சொல்வதில்லையா? அப்பாடா என்றிருந்தது. கேசரி கிண்ட ஓடினேன்.

இவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னாங்க, பேயறைஞ்ச மாரி உக்காந்துக்கினு?"

"கிளியனூர் வீரம்மா பொண்ணுக்கும் ஆயில்யம்னுதான எழுதிக் குடுத்தேன், வேணி. வர்ற எடமெல்லாம் தட்டிப் போவுது. அந்தப் பொண்ணுக்கு இதுலயும் போட்டுப் பாத்தேன். ஆயில்யம்தான் வருது. அவளுக்கு எந்தக் கணக்குலயும் வழியில்ல, நம்ம வூட்டுக்கு மட்டும் புதுக் கணக்கச் சொல்லித் தப்பிச்சிக்கிறதா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் எங்கள் வாசலில் முகம் தொங்க நின்றது கண்ணுக்குள் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பயம் போய்விடும்.

"என் உசுருதான? ஆயில்யம்னே ஊருக்குச் சொல்லுங்க. போறேனா இருக்கேனா பாத்துக்கலாம்!"

மயிலத்தில் கல்யாணம் நடந்தது. ஒரு வருஷம் நான் தும்மினாலே கலைப்பிரியா நடுங்கிப்போவாள், பாவம். தலைவலி என்றால் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவாள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள்; சாமி கொடுத்த வரம் அவள். கம்ப்யூட்டரும் நல்லபடியாக ஓடியது. "வாங்குனது தண்டமில்ல" என்று இவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் வீரம்மாள் ஒரு மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்து, அந்த அம்மாளுக்கு என்னைக் காட்டி, "இவங்கதாங்க. மருமவ ஆயில்யம். எப்பிடி இருக்காங்க, நீங்களே பாருங்க" என்றாள்.

அன்றைக்கென்று எனக்கு முழங்கால் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்து, அந்த அம்மாளுக்கு நானே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.