மஞ்சள் துணி கட்டிய ஆலமரம்

ஊர் ஊராகச் சுற்றியும் இரும்புலியூர் ஆலமரம்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. விழுதுகளுக்கு நடுவே ஆள் படுக்க இடமிருந்தது, மழைகூட இறங்காது. மூன்று மாதம் அதுதான் எனக்கு வீடு.

ஒருநாள் சாலை போடுகிறவர்கள், வெட்டுவதற்கு அடையாளமாக அதில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சாமி மரமென்றால் தயங்குவார்கள் என்று நானே மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தேன். மரம் தப்பியது. கும்பிட ஆட்கள் வந்தார்கள். பிறகு சுற்றிலும் கம்பி வேலியும் பூட்டும் வந்தன. சாவி வைத்திருந்த பூக்கார அக்கா என் மூட்டையை வெளியே வைத்தார்.

“சாமி கீற எடம்ணா. இங்க வந்து படுத்துக்கினு கீறியே, நல்லாவா கீது?”

“தப்புதான்க்கா” என்றேன். துணி கட்டியது நான் என்று சொன்னால் மறுபடி வெட்ட வந்துவிடுவார்கள். பொத்தேரிப் பக்கம் நடந்தேன். அப்படியோர் இடம் பிறகு எனக்கு அமையவே இல்லை.