பெட்டி தனி, ஆம்ப்ளிஃபயர் தனி

எங்கள் வீட்டுக்குக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வந்த வருஷம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் நன்றாக விளைந்தது. என் கணவர் லாரியோடு போய்விடுவார்; மஞ்சள் காட்டைப் பார்த்துக்கொண்டது நான். அதனால், படம் பார்க்கும்போது கொட்டகை மாதிரி சத்தம் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கர் வாங்கப் போனபோது, நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு குழவிக்கல்கூட என் இஷ்டத்துக்கு அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

சேலத்து ரேடியோ கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பிளக்கைச் செருகினால் போதும். இன்னொன்றில் பெட்டிகள் வெறும் பெட்டிகள். ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வாங்கி ஒயர் இழுக்க வேண்டும். என் கணவருக்கு முதலாவதில்தான் கண். பார்க்கவும் அதுதான் லட்சணம், பொய் சொல்லக்கூடாது.

"எல்லாம் உள்ளயே இருக்குது. தொல்லையில்ல" என்றார்.

"கெட்டாலும் எல்லாம் சேந்துதானுங்க கெடும்?" என்றேன். "நம்ம கெணத்து மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் ஒண்ணாவா வச்சிருக்கறோம்? ஸ்டார்ட்டர் போனா அத மட்டுந்தானுங்க மாத்தறோம்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையக் கேக்கக்கூடாது" என்று சொல்லி, என் போக்குக்கு விட்டுவிட்டார்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அவருடைய அண்ணன் குடும்பமும் பங்காளிகளும் வந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தோம். கால்மணி நேரத்தில் கரண்ட் எகிறி, பல்பு பளீரென்று எரிந்து மங்கியது. டிவியும் டெக்கும் ஸ்டெபிலைசர் புண்ணியத்தில் பிழைத்தன. ஸ்டெபிலைசரில் சேர்க்காத ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. டிவியின் சொந்தக் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"இவதான் ஒயரும் பெட்டியுமா வாங்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னா" என்றார் என் கணவர், அத்தனை பேர் முன்னால். எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

கோயிலுக்கு மைக் செட் போட வந்தவர் அடுத்த தெருவில்தான் இருந்தார். நானே போய்க் கூட்டிவந்தேன். அவரிடம் உபரியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கருகிப்போனதிலிருந்து நாலு ஒயரையும் நான் கழற்றிக் கொடுக்க, அவர் தன்னுடையதில் முடுக்கினார். பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சண்டைக் காட்சியில் விழுந்த ஒவ்வொரு அடியும் தெருக்கோடி வரை கேட்டது.

"நல்ல பெட்டிங்க. உள்ளயே வச்ச மாடலா இருந்திருந்தா இன்னைக்கு ஊமைப் படந்தான்" என்றார் மைக் செட்காரர். "யாருங்க பாத்து வாங்குனது?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். அவருடைய அண்ணன் எதிரில் நான் அதுவரை குரல் கொடுத்துப் பேசியதே கிடையாது. வீட்டு வழக்கம் அப்படி.

"நானுங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

படம் முடிந்து கிளம்பும்போது அந்த அண்ணன், என் கணவரைத் தாண்டி என்னிடம் வந்தார். "எங்க ஊட்டுக்கும் ஒரு செட்டு வாங்கோணும். நீ வந்து பாத்துக் குடு சாமி" என்றார்.

"வாரேனுங்க" என்றேன். என் கணவரின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னேன்.