எங்கள் பூத் கவிழ்த்தவள்

எங்கள் தென்காசி நகராட்சிக்கு அவள் தலைவியாக இருந்த நாலு வருஷமும் நான் வாய் பிளந்துதான் பார்த்தேன். பக்கத்துத் தெருவுக்கு வாழ வந்தவள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். முதலில் எங்கள் வார்டு கவுன்சிலர், அப்புறம் சேர்மன். ஆபீசில் நாற்காலி தேய்க்கிற ஆள் இல்லை. நாலு நாளைக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற விடியற்காலையில் ஸ்கூட்டரில் வந்து நிற்பாள். எந்தத் தெருவில் எந்த வால்வு, எந்த வீட்டுக் குழாயில் வேகம் குறையும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "உங்க வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும் மைனி" என்பாள். சொன்ன மாதிரியே வரும். எனக்குப் புல்லரிக்கும். என் புருஷன் கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்பதையே மறந்துவிடுகிற மனுஷன்; இவள் ஊரையே ஞாபகம் வைத்திருக்கிறாளே!

சட்டசபைத் தேர்தலில் அவளுக்கு சீட் கிடைத்தது. தெருவே வெடி போட்டது, நானும் ஆரத்தி எடுத்தேன். இலஞ்சி, குற்றாலம் என்று வெயிலில் ஜீப்பில் நின்று, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவாள். ஜெயித்தே ஆகவேண்டும் என்று தவித்தாள், முகத்திலேயே தெரிந்தது.

நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். என் வாயும் மெஷின் மாதிரிதான், நிற்காது. ஒருநாள் குழாயடியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, இவ எம்எல்ஏ ஆயி மெட்ராசுக்குப் போயிட்டா, நம்ம தண்ணிக்கு யார்ட்ட போயி நிக்க?"

எல்லோரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள். "வாஸ்தவந்தான், அவள இங்கனயே வச்சிக்கிடுவோம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எங்கள் சேர்மன் மேல் யாருக்கும் வெறுப்பில்லை, விட்டுக்கொடுக்க மனசில்லை. பேச்சு தெரு முழுக்கப் பரவியது. வாக்குச்சாவடியில் நானும் அவள் சின்னத்தைப் பார்த்தேன், விரலைத் தள்ளி வேறு பொத்தானை அமுக்கினேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச ஓட்டில் தோற்றாள். பூத் வாரியாகக் கணக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இலஞ்சியும் குற்றாலமும் அவளைத் தூக்கிவிட்டிருந்தன. கவிழ்த்தது எங்கள் பூத்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது, லேசாகத் தூறியது. இனி இவள் எங்கே வரப்போகிறாள் என்று இருந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அம்மாடி! அதே நேரம், அதே ஆள். வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"நான் மெட்ராசுக்குப் போயிட்டா தண்ணிக்கு யார்ட்ட போயி நிக்கன்னு கேட்டியளாம்லா மைனி?"

தண்ணீர் பிடிக்க எடுத்த குடத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. ஆத்துலருந்து பெரிய குழா போட்டாத்தான் தெனமும் தண்ணி வரும். அது நகராட்சி கையில இல்ல, மெட்ராசுலதான் கேட்டு வாங்கணும். அதுக்குத்தான் மைனி நின்னேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்ன மனுஷி இவள் என்று மலைப்பாக இருந்தது, பாவி நான் என்று அழுகையும் வந்தது. அவள் என் கையிலிருந்த குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.

"இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும்" என்றாள்.

சொன்ன மாதிரியே வந்தது. நாலு நாளைக்கும் சேர்த்துப் பிடித்து வைத்தேன்.