சிலுவையம்மாளின் கொடி

ராயபுரத்தில் பாஸ்கல் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் விஷயம் என்னவென்று கேட்பார்கள். மூன்று கட்சி மாறிய மனுஷன், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவருடைய வேட்டிக்கரையைப் பார்த்தே அடுத்த ஆட்சி யாருடையது என்று சொல்லிவிடலாம் என்று டீக்கடையில் கேலி வேறு.

கேலி செய்தவர்களும் அவர் வரவழைத்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஆளுங்கட்சிக்காரன் இருக்கிற தெருவுக்குத்தானே லாரி முதலில் வருகிறது! "லாரிக்காரன் கண்ணுக்கு கரை வேட்டிதான் தெரியுது. நான் இன்னா பண்றது?" என்பார். கவுன்சிலர் ஆசையும் இருந்தது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

மாறாதவர் அவர் மனைவி சிலுவையம்மாள். இருவரும் இளவயதில் ஊதாக் கொடி பிடித்த முதல் கட்சியை அவர் விடவே இல்லை. பாஸ்கல் வேறு கட்சியில் கவுன்சிலருக்கு நின்றபோது, அவருக்கு எதிராகவே வாக்குச்சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்தார் அந்த மகராசி! தோற்று வீடு திரும்பிய புருஷனுக்கு அவரே வஞ்சிரம் வறுத்தும் போட்டார்.

"நீ எந்தக் கட்சிக்கு வேணா போய்க்கோய்யா. நான் செத்தா எங்க ஆளுங்க வந்து எங்க கொடியப் போத்தணும். குறுக்க வந்துடாத."

"போத்தலாம், போத்தலாம். மொதல்ல இன்னொரு துண்டு மீனு போடு."

இந்தத் தேர்தலில் சீட்டு உறுதி என்று ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் மேத்யூ வாக்குக் கொடுத்த அதே வாரம், சிலுவையம்மாள் மாரடைப்பில் போய்விட்டார்.

சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தபோது மேத்யூ மாலையோடு வந்தார். கட்சிக்காரர் வீட்டுச் சாவென்றால் கொடி போர்த்துவது முறை. மரியாதையாகத்தான் தன் கட்சிக் கொடியைக் கொண்டுவந்திருந்தார். கூட வந்தவர்கள் அதை விரித்தும் விட்டார்கள்.

பாஸ்கல் எழுந்து குறுக்கே நின்றார். "அண்ணே, இது வேணாம். அவ நம்ம கட்சி இல்ல."

"இன்னா பாஸ்கல், எல்லாரும் பாத்துகினு கீறாங்க. உன் பேரு மேலிடத்துக்குப் போயிருக்கு. யோசிச்சுப் பேசு."

இத்தனை வருஷமும் யோசித்து யோசித்துத்தானே கட்சி மாறினார்! இந்த ஒருமுறை பாஸ்கல் யோசிக்கவில்லை. விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்தார்.

அங்கேதான் முதல் கட்சியின் கிளை அலுவலகம். துரோகி வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்று அந்தக் கட்சிக்காரர்கள் எல்லோரும் அங்கேயே நின்றிருந்தார்கள். கிளைச் செயலாளர் செங்கொடி என்ற பெண்ணுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் கட்சியில சேர வரல செங்கொடி. என்னைத் திட்டு, காறித் துப்பு, வாங்கிக்கிறேன். அவளுக்குக் கொடி போத்த மட்டும் வா." பாஸ்கல் குலுங்கி அழுதார்.

செங்கொடி உள்ளே போய் ஊதாக் கொடியை எடுத்துவந்தார். எல்லோரும் பாஸ்கல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேத்யூவின் கார் போயிருந்தது. மாலை மட்டும் சிலுவையம்மாளின் காலடியில் இருந்தது.

மாதா கோயில் வாசல்வரை அவர் மேல் அந்தக் கொடி கிடந்தது. உள்ளே கட்சிக் கொடி கூடாது என்பதால், செங்கொடி அதை மடித்துப் பாஸ்கலின் கையில் வைத்தார்.

அதைப் பார்த்த உள்ளூர் நிருபர் ஷிபினுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாண்ணே, மறுபடியும் பழைய கட்சியா?"

பாஸ்கல் கொடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல நைனா. இன்னிக்கு நான் எந்தக் கட்சியும் இல்ல. சிலுவையம்மா வூட்டுக்காரன்."