ஒரு ரயில் பயணம், மூன்று பெயர்கள்

என் மகளின் பெயர் என்ன என்று யாராவது கேட்டால், இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். துபாயில் வேலை செய்யும் கணவர் வந்தபின் பெயரிடலாம் என்று மாமியார் சொல்லியிருந்தார். நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். யாருக்காவது பிடிக்காமல் போய்விடுமோ என்று வாய் திறக்கவில்லை. முதலில் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் அன்று நாகர்கோவிலில் குழித்துறைக்கு ரயில் ஏறினேன்.

தேர்தல் நேரம். அதே பெட்டியில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவரும் ஏறினார். மக்களோடு மக்களாகப் பயணம் செய்கிறாராம். அவருடைய ஆட்கள் உட்கார்ந்தபின் மக்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கிற நேரத்தில் கொள்கையைச் சொல்லி முடிக்க முடியாது. ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடலாம். பிள்ளை தேடிப் பெட்டியைச் சுற்றிய தொண்டர் என்னிடம் வந்து நின்றார்.

"பிள்ளைக்குப் பேரு இட்டாச்சா மக்கா?"

இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் பெயரைப் பிள்ளையின் காதில் மெல்ல மூன்று முறை சொல்வார்கள். வேட்பாளரோ இரணியல் நிலையத்தில் பெட்டி வாசலில் நின்று, ஒலிபெருக்கியில் ஒரு தூய தமிழ்ப் பெயரைச் சொன்னார். பிள்ளை வீறிட்டு அழுதது. பள்ளியாடியில், கூட்டத்தில் ஒரு பாதிரியாரைப் பார்த்ததும், அதே பிள்ளைக்கு ஒரு புனிதையின் பெயர். குழித்துறையில் கட்சித் தலைவரின் தாயார் பெயர்.

"ஏற்கெனவே ரெண்டு பேரு வச்சாச்சே அண்ணாச்சி" என்று தொண்டரிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் மக்கா. ஓட்டுதான் ஆளுக்கு ஒண்ணு. பேரு எத்தனை வேணும்னாலும் வச்சுக்கிடலாம்."

நடைமேடையில் காத்திருந்த அம்மா, மூன்றாவது பெயரைச் சொல்லிக் கொஞ்சியபடியே பேத்தியை வாங்கிக்கொண்டார். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். கட்சிக்காரர்கள் எடுத்துப் பரப்பிய இரணியல் காணொளியைப் பார்த்த மாமியார் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டார். பள்ளியாடிக் காணொளி துபாய்க்குப் போனது. அந்தப் பெயர் அங்குள்ளவர்கள் வாயிலும் நுழைகிறது என்று கணவருக்குத் திருப்தி. தேர்தலில் வேட்பாளர் தோற்றுப்போனார். பெயர்கள் மூன்றும் ஜெயித்துவிட்டன.

அடுத்த வாரம் கணவர் விடுப்பில் வருகிறார். எல்லோரும் கூடி மூன்றில் ஒன்றை முடிவு செய்யப் போகிறார்கள். நான்காவதாக ஒரு பெயர் இருக்கிறது என்பதை, யார் மனமும் நோகாமல் அங்கே எப்படிச் சொல்வது? வீட்டில் இப்படி ஏதாவது சொல்லி ஜெயித்தவர்கள் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.