சுபலட்சுமியின் சம்மதம்

செக்காலையில் தையல்கடை வைத்திருக்கும் சுபலட்சுமி, யாருடைய இடுப்பளவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, குறித்துக்கொள்வாள், அவ்வளவுதான். தன் எடையைக் குறைக்க வீடியோ காலில் டாக்டரைப் பார்க்க அவளேதான் நேரம் வாங்கினாள். திரையில் வந்த டாக்டரம்மா, "இந்தச் சிகிச்சைக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்றதும் புருஷன் பாண்டிமுருகன் குறுக்கே புகுந்தான்.

"சம்மதந்தான் டாக்டர். தொண்ணூறு கிலோ இருக்கா. சோத்தைக் கொறைக்கச் சொல்லுங்க."

கடைக்குத் துணி கொடுக்க வந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

சுபலட்சுமி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பாகிட்டத்தான் சம்மதம் கேட்டீக. இன்னைக்குத்தான் என்னையக் கேக்குறாக. நீங்க அங்குட்டுப் போங்க."

அவன் கடைப் படியிறங்கும்வரை வாசலையே பார்த்திருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க டாக்டர்."