ஓர் அரிசி நீளம்

என் சட்டைப்பையில் ஒரு நூல் இருக்கிறது. சணலில் திரித்தது, மூன்று முழம், சாணுக்கு ஒன்றாக நான் போட்ட முடிச்சுகள் ஐந்து. இன்று காலை நண்பனின் முதல் தெவசத்துக்குப் புறப்பட்டபோது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

நானும் அவனும் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசைகளில், முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தர்களாக இருந்தோம். பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய ஆண்டில் இருவரும் ஓய்வு பெற்றோம். அதன் பிறகு மாலைதோறும் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் பெத்தாங்க் ஆடினோம். முதலில் சின்ன மரக்குண்டை எறிவார்கள். அதற்கு யாருடைய இரும்புக் குண்டு நெருங்கி நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பதின்மூன்றை முதலில் தொடுபவர் வென்றவர். இருவர் இருவராக ஆடும்போது அவனுக்கு ஜோடி நான். முதல் வாரத்திலேயே என் குண்டு தவறிப் போய் அவன் புதுக் குண்டில் இடித்துக் கீறல் விழுந்துவிட்டது. "இது ஒன் கையெழுத்துடா, இருக்கட்டும்" என்றான். நான்கு ஆண்டுகள் ஆடினோம். முடிந்ததும் அவன் வீட்டு வாசல் வரை எண்ணூற்று நாற்பது எட்டு வைத்து, பக்கத்தில் பக்கத்தில் நடப்போம்.

பிறகு சைகோனிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனோடு ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், வந்தான். எங்களைவிடப் பதினாறு வயது இளையவன். நின்ற இடத்திலிருந்தே எதிராளியின் குண்டை அடித்துச் சிதறடிப்பான். மூன்றாவது வாரம் நண்பன் என் தோளில் கை வைத்தான். "முட்டி வலிக்குதுன்ற. குனிஞ்சு எறியாத. நீ அளக்க வாடா. ஒன் கணக்க இந்த ஊர்ல எவனும் மறுக்க மாட்டான்." முட்டி வலி உண்மைதான். ஆனால் அதை நான் சொன்னது இரண்டே முறை. அளப்பதற்கும் குனியத்தானே வேண்டும்? அன்றிலிருந்து அவனுக்கு ஜோடி சொல்தா. நடையும் மாறியது. அவர்கள் இருவரும் முன்னால், நான் மூன்று எட்டு பின்னால். சொல்தாவின் கப்பல் கதைகளுக்கு அவன் சிரிப்பது முதுகுப் பக்கமிருந்து கேட்கும்.

போன ஆண்டு, மாசி மகத்துக்கு மறுநாள் ஒரு பந்தயம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிப் புள்ளியில் நண்பனின் குண்டும் எதிராளியின் குண்டும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் நின்றன. கூட்டம் எனக்கு வழிவிட்டது. முழங்காலிட்டு அளந்தேன். ஓர் அரிசி நீளம் அவன் குண்டுதான் நெருக்கம். நிமிர்ந்தேன். சொல்தாவின் கை அவன் தோளில் கிடந்தது. சரிபார்ப்பவன்போல மறுபடி குனிந்து, அவன் குண்டு வரை நீட்டிய நூலைக் கொஞ்சம் தொய்யவிட்டு அளந்து காட்டினேன். எதிராளிக்கே புள்ளி என்றேன்.

சொல்தா பாய்ந்து வந்தான். "கண்ணு தெரியுதா முசியே? இன்னொரு வாட்டி அளங்க!"

"அவன் அளந்துட்டான், வுடு" என்றான் நண்பன். "முப்பத்தோரு வருஷம் பாத்திருக்கேன். அவன் கணக்கு தப்பாது."

அன்று அவன் என்னோடு மட்டும் நடந்தான். எண்ணூற்று நாற்பது எட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தான், அளந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மகிழ்ச்சி அதைவிடப் பெரியது. இரண்டே மாதத்தில் காய்ச்சலில் படுத்தான், எழவில்லை. பதினொரு முறை போய்ப் பார்த்தேன். ஒன்பது முறை சொல்தா எனக்கு முன்பே கட்டிலருகில் உட்கார்ந்திருந்தான். மற்ற இரண்டு முறை நூலைத் தொய்யவிட்டதைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். அவனுக்குத் தெரியுமா, தெரியாமலே போய்விட்டானா என்ற கேள்வியோடு ஓர் ஆண்டு தூங்கி எழுந்திருக்கிறேன்; மைதானத்துப் பக்கமே போகவில்லை.

இன்று தெவசத்தில், மாலை சூட்டிய அவன் படத்திலிருந்து இரண்டு முழத்தில் சொல்தா, மூன்றரை முழத்தில் நான். சாப்பாடு முடிந்ததும் நண்பனின் மனைவி அவனுடைய மூன்று குண்டுகளையும் துடைத்துக் கொண்டுவந்து சொல்தாவிடம் நீட்டினார். "ஒங்க கையிலதான் குடுக்கணும்னாரு தம்பி." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுமா?"

தெருவுக்கு வந்ததும் சொல்தாவிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் நூலத் தொய்யவுட்டேன். நீங்க ஜெயிச்ச ஆட்டம் அது."

"தெரியும் முசியே." அவன் குண்டுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "படுத்திருந்தப்ப அவரே சொன்னாரு. 'நூலு தொங்கனத பாத்தேன். கேட்டா அவன் அப்புறம் மைதானத்துக்கே வர மாட்டான். நீயும் கேக்காத.' எனக்குத்தான் ரெண்டு நாளு கோவம் அடங்கல."

பதினொரு சொல். நான் போய்ப் பார்த்ததும் பதினொரு முறை. முறைக்கு ஒரு சொல்லாக என்னிடமே சொல்லியிருக்கலாம். மன்னித்தான் என்பதில் நெஞ்சு லேசாகத்தான் ஆயிற்று. அந்த மன்னிப்பையும் இவனிடமல்லவா கொடுத்து வைத்திருந்தான்!

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. நீங்க வராம அளக்குறதுல ஒரே சண்ட" என்றான் சொல்தா. பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து, அதிலிருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினான். "இது எப்பிடி ஆச்சு? கேட்டா சிரிப்பாரு, சொல்லவே மாட்டாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஞாபகமில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து நூலை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பார்த்தேன். ஐந்து முடிச்சும் சரியாக இருந்தன. மறுபடி சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். நாளை ஐந்து மணிக்கு அது வேண்டும்.